வாக்குச்சாவடி மேசையும் நம் மாணவரும்

(கல்விச் சங்க வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

'மாணவரும் தேர்தலும்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நாம் பேச வந்தது கட்சி அரசியல் அன்று. வாக்குச்சாவடியில் போடப்படும் ஒரு மேசையைப் பற்றியே பேச வந்துள்ளோம். மேசையின் இப்புறம் வாக்காளர் நிற்கிறார். அப்புறம் அலுவலர் அமர்ந்திருக்கிறார். அப்புறம் இருப்பவர் விதியறிந்தவரா, நெஞ்சில் நேர்மை உடையவரா என்பதைப் பொறுத்தே இப்புறம் நிற்பவரின் உரிமை உயிர் பெறுகிறது.

1996ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாம் இளம் பட்டதாரி ஆசிரியர். ஒரு சிற்றூர்ப் பள்ளியில் விரலில் மை இடும் பொறுப்பு நமக்கு. நண்பகல் கடந்த வேளையில் காலனியிலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். பட்டியலில் அவர் பெயர் ஏற்கெனவே குறியிடப்பட்டிருந்தது. வேறு யாரோ அவர் பெயரால் வாக்களித்துச் சென்றுவிட்டனர். "உன் ஓட்டு விழுந்தாச்சு, போ" என்றார் ஒரு முகவர். மூதாட்டி சினக்கவில்லை, வாதாடவில்லை. "சரிங்க சாமி, போயிட்டு வரேனுங்க" என்று கைகூப்பித் திரும்பினார். கூப்பிய அவ்விரல்களில் மை இல்லை. அவர் பெயரால் வந்த பொய்யரின் விரலுக்கு மை இட்டது நம் கையே என்ற எண்ணம் நெஞ்சைச் சுட்டது.

நல்வாய்ப்பாகப் பயிற்சி வகுப்பில் தந்த கையேட்டைப் படித்திருந்தோம். ஒருவர் பெயரால் மற்றொருவர் வாக்களித்துவிட்டால், உண்மையான வாக்காளருக்கு 'டெண்டர் வாக்கு' எனப்படும் தனி வாக்குச்சீட்டு அளிக்க வேண்டும் என்பது விதி. அப்பக்கத்தைத் தலைமை அலுவலரிடம் காட்டினோம். அவர் முதலில் தயங்கினார். பின்னர் வினாக்கள் கேட்டு, ஆள் இவரே எனத் தெளிந்து, சீட்டை அளித்தார். மூதாட்டி பட்டியலில் கைநாட்டு வைத்தார். மறைவிடம் சென்று முத்திரை குத்தினார். சீட்டு தனி உறையில் இடப்பட்டது. அவ்வாக்கு மற்ற வாக்குகளோடு எண்ணப்படுவதில்லை என்பதை நாம் மறைக்கவில்லை. வழக்கு எழுந்தால் நீதிமன்றத்தின்முன் பேசவல்லது அது. ஆயினும் அவர் வந்தார், அவர் உரிமை களவாடப்பட்டது என்பது அரசாங்கத் தாளில் பதிவாயிற்று. அம்மேசையில் விதியறிந்தவர் ஒருவரும் இல்லாதிருந்தால் அந்தச் சான்றுகூட எஞ்சியிராது.

இனி அமெரிக்க நாட்டைப் பாருங்கள். அங்கே பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவரே இம்மேசையில் அமர்கின்றனர். கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி, 16 வயது நிறைந்து, படிப்பில் குறிப்பிட்ட தரம் பெற்ற மாணவர், பெற்றோர், பள்ளி ஆகியோரின் ஒப்புதலோடு தேர்தல் பணியாற்றலாம். முன்கூட்டியே பயிற்சி உண்டு. பெரியவரின் மேற்பார்வை உண்டு. வாக்குகளை எண்ணும் பணி மட்டும் அவர்களுக்குக் கிடையாது. ஆங்கிலம் அறியாத வாக்காளருக்கு வீட்டில் ஸ்பானிய மொழியோ சீன மொழியோ பேசும் மாணவர் பெருந்துணையாகின்றார். 2020இல் கொரோனா நோய்க்கு அஞ்சி முதியோர் பலர் தேர்தல் பணியிலிருந்து விலகியபோது, இளைஞரை நாடியே பல ஊர்களில் அழைப்பு விடுக்கப்பட்டது. தமக்கு வாக்குரிமை வருமுன்னரே பிறர் வாக்குரிமைக்குக் காவல் நிற்கின்றனர் அப்பிள்ளைகள். எத்துணைச் சிறந்த கல்வி அது!

அதே நாட்டில் மேசை மக்களைத் துரத்திய காலமும் உண்டு. தென்மாநிலங்களில் வாக்காளராகப் பதியவந்த கறுப்பின மக்களிடம், 'எழுத்தறிவுத் தேர்வு' என்னும் பெயரால் வேண்டுமென்றே கடினமான வினாக்களைக் கேட்டுத் திருப்பி அனுப்பினர் மேசைக்கு அப்புறம் இருந்தோர். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிந்திருந்த கறுப்பினத்தவர் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. 1967க்குள் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 60 ஆயிற்று. மக்கள் மாறவில்லை, அவர்களுடைய அறிவும் ஈராண்டில் மாறவில்லை. மேசையின் விதி மாறியது, அவ்வளவே.

நம் வரலாறும் இதற்கு அயலன்று. அண்ணல் அம்பேத்கர் 1919ஆம் ஆண்டிலேயே சவுத்பரோ குழுவின்முன் தோன்றி, தீண்டப்படாத மக்களின் வாக்குரிமைக்காகவும் பிரதிநிதித்துவத்துக்காகவும் வாதாடினார். அப்போது அவருக்கு வயது 27. சொத்தும் வரியும் பார்த்து வாக்களித்த காலம் போய், 1950இல் அரசியலமைப்பின் வழியே அனைவருக்கும் வாக்கு வந்தது; 21 என்றிருந்த வாக்களிக்கும் வயது 1989இல் 18 ஆயிற்று. உரிமை நம் வாசல்வரை வந்துவிட்டது. அதைக் கையாளும் அறிவே இன்னும் பரவ வேண்டும்.

நம் நாட்டில் வாக்குச்சாவடி அலுவலராகப் பள்ளி மாணவரை அமர்த்துவதில்லை. அப்பணி பெரும்பாலும் அரசு ஊழியர்க்கும் ஆசிரியர்க்குமே உரியது. எனினும் நாட்டு நலப்பணித் திட்ட, தேசிய மாணவர் படைப் பிள்ளைகள் முதியோரையும் ஊனமுற்றோரையும் அழைத்துச்செல்லும் தொண்டர்களாய்ப் பணியாற்றுகின்றனர். அவ்வாய்ப்பு வரும்போது நம் பிள்ளைகள் பின்வரிசையில் நிற்றலாகாது.

சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, நம் மாலைப்பள்ளியில் மாணவர் தலைவரை முறையான தேர்தலால் தேர்ந்தெடுங்கள். பட்டியல் எழுதுதல், மை இடுதல், முகவராய் அமர்தல், வாக்கெண்ணுதல் ஆகிய அனைத்தையும் மாணவரே செய்யட்டும். இரண்டாவது, 17 வயது நிறைந்தோர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று 2022 முதல் வழிவகை உள்ளது. இச்சங்கத்தில் ஒரு பிள்ளையும் அதைத் தவறவிடலாகாது. மூன்றாவது, வாக்காளரான இளைஞர் விதிகளைக் கற்று முகவராய் அமருங்கள்; படித்து அரசுப் பணி பெற்று அலுவலராயும் அமருங்கள்.

அம்மூதாட்டியைப் போன்றோர் இன்றும் வரிசையில் நிற்கின்றனர். "போ" என்று ஒருவன் சொல்லும்போது, "நில்லுங்கள் அம்மா, விதி இருக்கிறது" என்று எழுந்து சொல்ல மேசைக்கு அப்புறம் நம் பிள்ளை ஒருவர் இருத்தல் வேண்டும். அவரை ஆக்கித் தருவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.

வளர்க கல்வி! வாழ்க சங்கம்!