பிடிப்பே முதற் கருவி

(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிணற்றுப் பம்பு நின்றுவிட்டால் பயிர் நமக்காகக் காத்திருப்பதில்லை. எனவே, ஊரிலேயே ஒரு சிறு இரும்புப் பட்டறை அமைவது பெரும் நன்மையாகும். அதற்கு லேத்து வேண்டும், துளையிடும் இயந்திரம் வேண்டும் என்று கேட்போர் பலர். வேலைப் பொருளை அசையாமல் பிடித்து நிறுத்த என்ன வேண்டும் என்று கேட்போர் மிகச் சிலரே. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் இளைஞர் ஒருவர் மெல்லிய இரும்புத் தகட்டை இடக்கையால் பிடித்தவாறே துளையிட்டார். துளைமுனை மறுபுறம் வெளிவரும் தறுவாயில் தகட்டைக் கவ்விக்கொண்டது. தகடு கையை விட்டுச் சுழன்று, அவருடைய இரண்டு விரல்களை அறுத்தது. புண் ஆறியது, ஆயினும் அவ்விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அதே இயந்திரத்தின் கீழே ஒரு வைஸ் கிடந்தது. அதை மேசையில் பூட்டுவதற்குரிய போல்ட்டுகளை எவரும் வாங்கவில்லை. அப்பட்டறைக்கு ஒப்புதல் அளித்தவர்களுள் நாமும் இருந்தோம். இயந்திரத்தின் விலையைப் பார்த்தோமேயன்றி, போல்ட்டைப் பார்த்தோமில்லை.

கை ஒருபோதும் பிடிகருவி ஆகாது. மெல்லிய தகட்டை ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து மேசையோடு இறுக்க வேண்டும். உருண்டைக் கம்பியை ‘வி’ வடிவப் பள்ளமுள்ள கட்டையில் படுக்கவைத்து இறுக்கினால் அது உருளாது. துளை பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். மென் எஃகில் 10 மில்லிமீட்டர் துளைக்கு நிமிடத்திற்குச் சுமார் 800 சுற்றுகள் எனில், 20 மில்லிமீட்டர் துளைக்கு 400 சுற்றுகளே போதும்.

பிடிக்கும் முறை உலோகத்தின் இயல்பைப் பொறுத்தது. சாணைக்கல்லில் சிறிது தேய்த்துப் பாருங்கள். மென் எஃகு நீண்ட, வெளிர்மஞ்சள் பொறிகளைச் சிந்தும். வார்ப்பிரும்பின் பொறிகள் குறுகியவை, செந்நிறமானவை. மென் எஃகில் கரி நூற்றுக்குக் கால் பங்கு அளவே. வார்ப்பிரும்பிலோ பெரும்பாலும் 2 முதல் 4 பங்கு வரை உண்டு. ஆகவே வார்ப்பிரும்பு வளையாது, உடையும். பம்பின் வார்ப்பிரும்புக் கால் மேசையில் சமமாகப் படியாதிருக்கும்போது போல்ட்டை முறுக்கினால் கால் விண்டுவிடும். இடைவெளியில் தகட்டுத் துண்டைச் செருகிய பின்னரே இறுக்க வேண்டும்.

கன்மெட்டல் புஷ்ஷின் கதை வேறு. மெல்லிய சுவருள்ள புஷ்ஷை மூன்று தாடைச் சக்கில் அழுத்திப் பிடித்தால் அது சற்றே நசுங்கும். அந்நிலையில் உள்ளே வட்டமாகக் கடைந்தாலும், சக்கிலிருந்து கழற்றியதும் துளை வட்டம் தவறி நிற்கும். அத்தகைய புஷ்ஷை மாட்டினால் தண்டு விரைவில் தேயும். விவசாயி மீண்டும் பட்டறை வாசலில் நிற்பார். புஷ்ஷைச் சுற்றி ஒரு பிளந்த வளையம் இட்டுப் பிடித்தால் அழுத்தம் பரவி வட்டம் காக்கப்படும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சக்குச் சாவியைச் சக்கிலேயே விட்டு லேத்தை ஓட்டினால் அது கல்லைப் போல் பறந்து வந்து தாக்கும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையுறை ஆகியவற்றோடு சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்றல் கூடாது. துணியின் ஒரு நுனி சிக்கினாலும் கையையே இழுத்துவிடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. பட்டறைக்கான மதிப்பீடு உங்கள் முன் வரும்போது, வைஸ், இறுக்குப்பட்டைகள், அவற்றிற்குரிய போல்ட்டுகள், ‘வி’ கட்டை ஆகியவை அதில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். அவையில்லையேல் கையொப்பம் இடாதீர்கள். பட்டறையைப் பார்வையிடச் செல்லும்போது இயந்திரம் நிற்கும் நேரத்தில் வைஸை ஒருமுறை கையால் தள்ளிப் பாருங்கள். அது அசைந்தால், அன்றே சீர்செய்யச் சொல்லுங்கள். நாம் காணத் தவறியதை நீங்கள் கண்டால், நம் ஊர் இளைஞர் ஒருவரின் விரல்கள் காக்கப்படும்.