கொடியும் கத்தரியும்



ஏதேனும் ஒரு செடியைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டனர். மாவைப் பற்றியும் வேம்பைப் பற்றியும் பேச வல்லார் பலர் உளர். நான் எடுத்துக்கொண்டது அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் ஒரு கொடி. நம் மொழியில் அதற்கு ஊன்றிய பெயர் இல்லை. நாற்றுப் பண்ணையினர் 'பிளீடிங் ஹார்ட்' என்றே அதனை விற்கின்றனர். 'குருதி சிந்தும் இதயம்' என்று மொழிபெயர்த்து வழங்குவாரும் உண்டு. எனக்கு அப்பெயர் சற்றும் பிடிப்பதில்லை. அவ்வளவு சாதுவான பூவிற்கு இவ்வளவு கொடுமையான பெயர் எதற்கு?

பூவைக் கண்டிராதவர்களுக்காக அதன் வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து புல்லிகள் கூடி, வெள்ளைக் காகிதத்தில் செய்த சிறு விளக்குக் கூடு போல் தொங்கும். அதன் வாயிலிருந்து செக்கச் செவேலென்று அல்லிவட்டம் எட்டிப் பார்க்கும். மகரந்தத் தாள்கள் அதனையும் தாண்டி மீசை போல் நீண்டிருக்கும். சிவப்புச் சில நாட்களில் உதிர்ந்துவிடும். வெள்ளைப் புல்லிகளோ உதிராமல் நின்று மெல்ல மெல்ல ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறும். ஆதலால் ஒரே கொத்தில் மூன்று நிறங்களையும் காணலாம்.

இக்கொடியின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. தாவரவியலார் இதனைக் கிளெரோடெண்ட்ரம் தாம்சோனியே என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நைஜீரியாவில் தொண்டாற்றிய தாம்சன் என்னும் பாதிரியாரின் மனைவியார் பெயரால் அமைந்தது அது. 'தாம்சோனியே' என்பதன் ஈறு இலத்தீனில் பெண்பாலைக் குறிப்பதாகும். நம் நாட்டில் வேலிக்கு நடும் சங்கங்குப்பியும், மருந்துக்குப் பயன்படும் தழுதாழையும் இதற்கு நெருங்கிய உறவினர். குளிர்நாடுகளில் இதே ஆங்கிலப் பெயரால் வழங்கும் வேறொரு செடி உண்டு. சைபீரியா, கொரியா, வட சீனம் ஆகிய இடங்களுக்குரிய அச்செடி கசகசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கோடை முற்றினால் தரைக்கு மேல் ஒன்றுமில்லாமல் மறைந்துவிடும். அதனை வளர்ப்பதற்கென்று எழுதிய நூலைப் படித்துவிட்டு நம் கொடியைப் பேணப் புகுந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இனி என் கதைக்கு வருகிறேன். 2006-ஆம் ஆண்டில் காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் தலைமையாசிரியனாக இருந்தேன். ஆசிரியர் அறைக்கு ஏறும் படிக்கட்டின் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாக இக்கொடியை நட்டு, கம்பியில் ஏற்றிவிட்டிருந்தோம். நட்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. கொடி தழைத்ததே அன்றிப் பூத்தது குறைவு. அடியில் மொட்டைக் கழிகள். உச்சியில் ஓட்டுக்கூரையைப் பற்றிக்கொண்டு ஒரு பசும்புதர். பூக்கும் ஒன்றிரண்டு கொத்தும் கூரைமேல் பூத்து, காக்கைக்கு மட்டும் காட்சி தந்தன. அப்படியிருந்தும் ஒருவரையும் அதன்மீது கை வைக்க நான் விட்டதில்லை. செடி வளர்வது நல்லது. எனவே வளர்வதைத் தடுப்பது தீது. என் தருக்கம் அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பள்ளி கூடுவதற்கு முன்பே வந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் முக்காலிமேல் ஏறி நின்று, இடப்புறத்துக் கொடியின் இளந்தளிர் நுனிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். படியெங்கும் தளிர்கள் சிதறிக் கிடந்தன. எனக்குச் சினம் பொங்கிற்று. அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். "ஐயா, எங்கள் வீட்டுச் செவ்வந்தியில்..." என்றது மட்டும் காதில் விழுந்தது. "வாயை மூடு" என்றேன். அன்றும் மறுநாளும் வகுப்பிற்கு வெளியே நிற்க வைத்தேன். அது போதாதென்று, தோட்டக் குழுவிலிருந்தும் அவன் பெயரை நீக்கினேன். அக்குழுவில் உண்மையாக உழைத்தவன் அவன் ஒருவனே என்பதை அப்போதும் நான் அறிவேன்.

வலப்புறத்துக் கொடியை அவன் தொடவில்லை. தொடுவதற்குள் நான் வந்துவிட்டேன். விஞ்ஞான ஆசிரியர்கள் வேண்டுமென்றே திட்டமிட்டாலும் அதைவிட நல்ல சோதனை வாய்த்திருக்காது. ஒரே மண், ஒரே வெயில், ஒரே நாளில் நட்ட இரு கொடிகள், ஒன்று கிள்ளியது, மற்றொன்று கிள்ளாதது.

புரட்டாசியில் இடப்புறத்துக் கொடி இடுப்பளவிலிருந்து உச்சிவரை கிளைத்து, கிளைக்கொரு கொத்தாகப் பூத்து நின்றது. வலப்புறத்தது கூரையின்மேல் இன்னும் நான்கடி முன்னேறியிருந்தது. வருவோர் போவோரெல்லாம் இடப்புறத்துக் கொடியைக் காட்டி, "என்ன உரம் போட்டீர்கள்?" என்று என்னையே கேட்டனர். நான் என்ன விடை கூறுவேன்?

அதன்பின்னரே நூல்களைப் புரட்டினேன். தண்டின் நுனிமொட்டு, தனக்குக் கீழுள்ள இலைக்கக்கத்து மொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. இதனை நுனி ஆதிக்கம் என்பர். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நானே இதனைப் பாடமாக நடத்திக் காட்டி மதிப்பெண் பெற்றவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நுனியில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. 1933-இல் திமன், ஸ்கூக் என்னும் இருவர் மொச்சையினத்தைச் சேர்ந்த பாக்லா அவரையின் நுனியைக் கொய்து, வெட்டுவாயில் அப்பொருளை வைத்துப் பார்த்தனர். நுனியே இல்லாதபோதும் கீழ்மொட்டுகள் அடங்கியே இருந்தன. கதை அத்துடன் முடியவில்லை. கிளைப்பதைத் தடுக்கும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்னும் மற்றொரு பொருளின் பங்கு 2008-இல் தெரியவந்தது. நுனியைக் கொய்தவுடன் பக்க மொட்டுகளை முதலில் எழுப்புவது, நுனி உண்ணாமல் மிஞ்சும் சர்க்கரையே எனப் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வொன்று 2014-இல் காட்டிற்று. நுனி ஏவல் மட்டும் செய்வதன்று. உணவையும் தன்பால் இழுத்துக்கொள்கிறது.

இக்கொடியில் இன்னும் இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இலைகள் எதிர்எதிராக அமைந்தவை. ஒரு கணுவிற்கு இரண்டு மொட்டுகள். ஆதலால் ஒரு நுனியைக் கிள்ளினால் பொதுவாக இரண்டு தளிர்கள் எழும். அவற்றைக் கிள்ளினால் நான்கு. மறுபடியும் கிள்ளினால் எட்டு. மற்றது, பூங்கொத்து அவ்வாண்டில் எழுந்த புதுத் தளிரின் நுனியில்தான் தோன்றும். பழைய கழி எவ்வளவு நீண்டாலும் அதனால் பயனில்லை. எட்டு நுனி உள்ள கொடி எட்டுக் கொத்துப் பூக்க இடமுண்டு. ஒரே நுனியை வைத்துக்கொண்டு கூரை ஏறும் கொடிக்கு அவ்விடம் ஏது?

இவ்வளவும் அறிந்தபின் சும்மா இருத்தல் இயலவில்லை. ஒரு திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில் அம்மாணவனை அழைத்து, அவன் செய்தது சரி, நான் செய்தது பிழை என்று எல்லார் முன்னிலையிலும் கூறினேன். அவன் தலை கவிழ்ந்து நின்றான். கூட்டம் கலைந்தபின் என் அறை வாயிலில் வந்து நின்று, "ஐயா, வலப்பக்கத்துக் கொடியைத் தை மாதத்தில் வெட்டலாமா?" என்று கேட்டான். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் வீட்டில் செவ்வந்தி பயிரிட்டிருந்தனர் என்பதும், நாற்று நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளுவது அவன் தாயாரின் வேலை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

தையின் இறுதியில் இருவருமாக வெட்டினோம். உலர்ந்த கழிகளை அடியோடு நீக்கினோம். மிகப் பழையவற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தரைமட்டத்தில் அறுத்தோம். எஞ்சியவற்றை இரண்டடி உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலாகக் கத்தரித்தோம். வேரிலிருந்து தள்ளித் தள்ளி முளைத்திருந்த கன்றுகளையும் பெயர்த்து எடுத்தோம். விட்டால் ஒரு கொடி பத்தாகி முற்றத்தையே பிடித்துக்கொள்ளும். பார்ப்பவர் கண்ணுக்குக் கொடி செத்தது போலவே இருந்தது. ஒரு மாதத்தில் தளிர்த்தது.

அறிந்தவன் என்ற செருக்கில் அடுத்த பிழையையும் நானே செய்தேன். கிள்ளினால் பூக்கும் என்றால் மேலும் கிள்ளினால் மேலும் பூக்கும் அன்றோ? ஆவணி முடியும் வரை கிள்ளிக்கொண்டே இருந்தேன். நுனியில் ஒளிந்திருந்த மொட்டுக் கொத்துகளையும் சேர்த்தே கிள்ளிவிட்டேன். அவ்வாண்டு எங்கள் கொடி அழகாக அடர்ந்திருந்தது. பூ மட்டும் இல்லை. தளிர் மூன்று நான்கு இணை இலை விட்டதும் ஒருமுறை, மீண்டும் அவ்வளவு வளர்ந்ததும் மறுமுறை. அதன்பின் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தழையுரம் மிகுந்தாலும் இதே கேடுதான்: இலை பெருகும், பூ குறையும்.

ஐயமுள்ளவர்கள் இரண்டு சட்டிகளில் தட்டைப்பயறு விதைத்து, ஒன்றில் மட்டும் நுனியைக் கிள்ளிவிட்டு, நாள்தோறும் கக்கங்களை அளந்து குறித்து வாருங்கள். செலவு ஒரு பிடிப் பயறுதான்.

இப்பொழுது என் வீட்டு மாடியில் ஓரடி வாயகலமுள்ள மண்தொட்டியில் ஒரு கொடி இருக்கிறது. நடுப்பகல் வெயில் படாத கிழக்கு மூலையில் மூன்று கழிகளைக் கூம்பாக நட்டு, அவற்றில் சுற்றிவிட்டிருக்கிறேன். தொட்டியை மாற்றுவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை வேர்க்கட்டை வெளியே எடுத்து, ஓரத்து வேர்களைச் சீவி, புதுமண் இட்டு அதே தொட்டியில் வைக்கிறேன். வேருக்கு இடம் சுருங்கினால் கொடிக்கும் உயரம் சுருங்குகிறது. மார்கழியில் நீரைக் குறைக்கிறேன். ஆறாண்டுகளாக அது என் தோள் உயரத்தைத் தாண்டியதில்லை. வெட்டிய கழிகளை மூன்று கணுத் துண்டுகளாக நறுக்கி ஈர மணலில் ஊன்றி வைக்கிறேன். வேர் பிடித்தவற்றை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து கேட்டு எடுத்துச் செல்கின்றனர்.