பாரம் மாறும், அழைப்பு மாறாது
(வரிச்சிக்குடி ஜெபக்கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



லேவியர் 25 வயதில் ஆசரிப்புக் கூடாரப் பணிக்கு வருவார்கள். 50 வயதில் அந்த வேலையை விட்டு, சகோதரரோடு காவல் காப்பார்கள் என்று எண்ணாகமம் 8-ஆம் அதிகாரம் கூறுகிறது. கர்த்தர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. வேலையை மாற்றிக் கொடுத்தார்.

பல ஆண்டுகள் வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய ஒரு சிஸ்டர், "ஐயா, இடுப்பு தாங்கவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கப் போனால் அழைப்பை விட்டு ஓடியதாகுமா?" என்று கேட்டார். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி அவருக்குச் சொன்னேன். 1954-இல் சாலை விபத்தில் அந்த அம்மையாரின் இரு கால்களும் செயலிழந்தன. மகளிர் மருத்துவராக விரும்பியவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகவும் காரணமானார்.

படுக்கைப்புண் வராமல் காப்பதும், நோயாளியின் முகம் மாறும்போதே ஆபத்தை அறிவதும் அனுபவத்தில் வருபவை. அவற்றை இளம் நர்சுகளுக்கு யார் கற்பிப்பது? ஆனால் டிப்ளமோ முடித்தவர் ஆசிரியராக, 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிக்க வேண்டும். அந்நாட்களில் வீட்டில் வருமானம் குறையும்.

ஆகவே, இப்படிப்பட்டவர்களை "முடியாதவர்கள்" என்று அனுதாபப்படாதிருங்கள். ஜெபத்தோடும் காணிக்கையோடும் படிக்க அனுப்புங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.