துண்டில் இருக்கிற இங்கிலீஷ்

(தோட்ட முன்பள்ளிக் கட்டடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை இங்கிலீஷைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நமக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யார் சொன்னது? காலையில் பெரட்டுக்குப் போகிறோம், லயத்தில் இருக்கிறோம், செக்ரோலில் பேர் விழுந்ததா என்று பார்க்கிறோம். எல்லாம் வெள்ளைக்காரன் வாயில் இருந்து வந்ததுதான். சொல் நம்மிடம் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு சொற்களுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்கிறோம். நான் பல வருஷம் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்தவன். வெளிப்பக்கம் நின்றவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று எனக்குத் தெரியும்.

குறோஸ், நெட் என்ற இரண்டையும் முதலில் எடுப்போம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கோடு தொங்கவிட்டால் வருகிற நிறை குறோஸ். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தபிறகு எழுதுவது நெட். சம்பளத் துண்டிலும் அதே கதைதான். மேலே இருப்பது குறோஸ், கைக்கு வருவது நெட். நிறுக்கும்போது, "என்னங்க இவ்வளவு கழிக்கிறீங்க?" என்று சண்டை போடுகிற நம்ம பெண்கள், துண்டை மட்டும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுகிறார்கள். அங்கேயும் கேட்கலாம், அம்மா.

அடுத்தது இ.பி.எப்., இ.டி.எப். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அதனால் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் ஏராளம். இ.பி.எப். என்பது ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8 பிடிப்பார்கள், தோட்டம் குறைந்தது 12 போட வேண்டும். இ.டி.எப். என்பது நம்பிக்கைப் பொறுப்பு நிதி, 1980ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு நூற்றுக்கு 3, அது முழுக்கத் தோட்டத்தின் காசு. உங்கள் கையில் இருந்து ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. கணக்காகப் பார்த்தால், மாதம் 20,000 ரூபாய் உழைத்தால் உங்களிடம் பிடிப்பது 1,600, தோட்டம் போடுவது 2,400. இ.டி.எப்.க்குத் தனியாக 600. இந்த வீதமெல்லாம் நெட் கணக்கில் இல்லை.

எடுக்கிற காலமும் வேறு. இ.பி.எப். சாதாரணமாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில். இ.டி.எப். வேலையை விட்டாலே கேட்கலாம், ஆனால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான்.

கிரெச்சுவிட்டி, அதாவது சேவைக்காலப் பணம், இந்த இரண்டிலும் சேராது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 20 வருஷம் என்றால் 280 நாள், அதுவும் கடைசியாக வாங்கிய வீதத்தில். ரிட்டையர் ஆனால்தான் கிடைக்கும், ரிசைன் பண்ணினால் கிடைக்காது என்று ஒரு பேச்சு மலையில் நடமாடுகிறது. தவறு. ஐந்து வருஷம் முடிந்திருந்தால் ரிசைன் பண்ணினாலும் உண்டு. இ.பி.எப்.பில்தான் ரிசைன் இடிக்கும், வயது வரும்வரை காசு அங்கேயே கிடக்கும். ஆனால் கலியாணத்துக்காக வேலையை விட்ட பெண் பிள்ளைகள் அதற்கு முன்பே கேட்கலாம். அதற்குக் கால எல்லை இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது. ஆகவே வேலையை விடும் கடிதத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். விட்னஸ், கரண்டர். தமிழில் சாட்சி, பிணையாளி.

என் அக்கா ஒருத்தி இருக்கிறாள், கொழுந்து எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். பக்கத்துக் காம்பராப் பெண் ஒரு இடத்தில் கடன் வாங்கப் போனபோது, "அக்கா, சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" என்று கூப்பிட்டிருக்கிறாள். அக்காவும் போனாள். கடதாசி முழுக்க இங்கிலீஷ். விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வந்தாள். அந்தப் பெண் நாலு தவணை கட்டினாள். அப்புறம் குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்விட்டாள். வசூல்காரர் வந்து நின்றது என் அக்கா வாசலில். "நான் சாட்சிதானேங்க போட்டேன்" என்று அழுதாள். கடதாசியைக் கொண்டுவரச் சொல்லி நான் வாசித்தேன். கரண்டர் என்றுதான் இருந்தது. வளர்த்த பசுவை விற்றாள். மிச்சத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் கட்டி முடித்தாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, அவளுக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்காது. இங்கிலீஷ் தெரிந்த தம்பி நாலு காம்பரா தள்ளித்தான் இருந்தேன். அவள் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

விட்னஸ் என்றால், "இந்த ஆள் என் கண் முன்னால் கையெழுத்து வைத்தார்" என்று சொல்பவர். அவ்வளவுதான். கடன் கட்டாவிட்டால் அவர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கரண்டர் என்றால், "அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தவர்.

இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சாட்சியிடம் பெரும்பாலும் பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர் மட்டும் கேட்பார்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு, எங்கே வேலை, சம்பளத் துண்டுக் கொப்பி கொண்டு வாருங்கள் என்று கேட்டால், அது சாட்சிக் கையெழுத்து இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைத் தமிழில் சொல்லுங்க" என்று கேளுங்கள். சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தால், வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

நேரமாகிவிட்டது, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் அழுகிற சத்தம் இங்கேயே கேட்கிறது. துண்டு, கடன் கடதாசி ஏதாவது கையோடு கொண்டு வந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள், கண்ணாடி கொண்டு வந்திருக்கிறேன். பிளேன்டீ வருகிறது, குடித்துக்கொண்டே பார்ப்போம்.