சாக்கடைத் தண்ணீரும் நமது சந்தேகமும்

(அம்பத்தூர் பொதுக்கூட்டத்தில் பேசியதிலிருந்து)



சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குடிப்பதா என்றால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் முகம் சுளிக்கிறார்கள். நாம் அவர்களைக் கேலி செய்யத் தயாராயில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றவர்கள் இவர்கள். அம்பத்தூர் ஏரியில் சாக்கடை விழுவதைக் கண்ணால் கண்டவர்களும் இவர்களே. சர்க்கார் சொல்லை எப்படி நம்புவார்கள்?

அதே 2019-ல் கோயம்பேட்டில் ஓர் ஆலை திறந்தார்கள். கழிவுநீரைச் சவ்வுகளில் வடித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. அந்நீர் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. குடிப்பதற்கல்ல. நல்லதுதான், அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம்.

நமீபியாவில் விண்ட்ஹோக் நகரத்தார் 1968 முதல் இத்தகைய நீரையும் கலந்தே குடிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டுவூம்பா நகரத்தார் 2006-ல் வாக்களித்து வேண்டாமென்றார்கள். அவர்கள் முடிவு சரியோ தவறோ, அவர்களிடம் கேட்டார்கள் அல்லவா!

விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை. நாளை இங்கே குடிநீரில் கலப்பதானால், அன்றாடப் பரிசோதனை முடிவை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். மந்திரி ஒரு டம்ளர் குடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வது பரிசோதனையாகாது. பங்களாவுக்கும் லைன் வீட்டுக்கும் ஒரே தண்ணீர் வரட்டும். சென்ற வாரம் ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: “முதல்லே யார் வீட்டுக் குழாயிலே விடுவாங்க?”