கல்லுன்னு நினைச்சு எடுத்தா செடி!

ஆன்லைன்ல சக்குலண்ட் செடி தேடுறவங்களுக்கு லித்தாப்ஸ்ங்கிற பேர் பழக்கமா இருக்கும். ‘உயிருள்ள கல்’னு சொல்லி விப்பாங்க. பார்க்க அப்படியே கூழாங்கல். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

இதோட சொந்த மண் தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கத்து வறண்ட நிலம். 1811-ல வில்லியம் பர்ச்செல்ங்கிற இங்கிலாந்து தாவரவியலாளர் அங்கே ஒரு விசித்திரமான கூழாங்கல்லைக் கையில எடுத்தார். உத்துப் பார்த்தா, செடி! லித்தாப்ஸ் பத்தின முதல் அறிவியல் பதிவு அதுதான்.

ஒரு செடிக்கு ரெண்டே இலை. தடிச்சு, ஒட்டிக்கிட்டு, பெரும்பகுதி மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கும். வெளியில தெரியறது உச்சி மட்டும். அப்போ ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கும்? அந்த உச்சியில ஜன்னல் மாதிரி ஒளி ஊடுருவும் பகுதி இருக்கு. வெயில் அது வழியா இறங்கி, மண்ணுக்குள்ள இருக்கிற பச்சையத்தைப் போய்ச் சேருது. வருஷா வருஷம் நடுவுல புது ஜோடி இலை முளைக்கும். பழைய ஜோடியில இருக்கிற தண்ணியைக் குடிச்சே அது வளரும். பழையது காய்ஞ்சு காகிதம் மாதிரி ஆயிடும். வீட்ல வச்சிருக்கவங்க அந்தச் சமயத்துல தண்ணி ஊத்தாதீங்க, அழுகிடும்.

பூ அந்த இடுக்கிலிருந்துதான் வரும். மஞ்சள் இல்லைன்னா வெள்ளை, சாமந்தி மாதிரி மெல்லிய இதழ்கள். பெரும்பாலும் மத்தியானம் விரிஞ்சு சாயங்காலம் மூடிக்கும். தன் மகரந்தம் தனக்கு உதவாது. பக்கத்துல இன்னொரு செடி வேணும், பூச்சியும் வேணும். விதைக்காய் மழை நனைச்சாத்தான் திறக்கும். மழைத்துளி விழுற வேகத்துல விதை தெறிக்கும். ரொம்ப தூரம் போகாது. அதனால ஒரே இடத்துல கூட்டமா வாழும்.

எனக்கு உறுத்துறது இங்கதான். பறிச்சு விக்கிறவங்க ஒரு கூட்டத்தையே பெயர்த்துட்டா, அந்த இடம் காலி. தப்பிச்ச ஒண்ணு ரெண்டு செடிக்கு மகரந்தம் தர ஆள் இருக்காது. சமீப வருஷங்கள்ல தென்னாப்பிரிக்காவுல திருட்டுத்தனமா தோண்டின சக்குலண்ட் செடிகள் லட்சக்கணக்குல பிடிபட்டிருக்கு. லித்தாப்ஸோட உறவுக்காரச் செடியான கோனோஃபைட்டம்தான் அதுல ரொம்ப அடிவாங்கியிருக்கு. ஆடு மாடு கண்ணுக்குத் தப்பிக்கிற வேஷம், நம்ம ஃபோன் கேமராகிட்ட பலிக்கலை. இடத்தோட சேர்த்துப் போடுற ஒரு ஃபோட்டோ போதும், திருடனுக்கு வழி தெரிஞ்சிடும். அதனாலதான் ஆய்வாளர்கள் அபூர்வச் செடிகள் இருக்கிற சரியான இடத்தை வெளியில சொல்றதில்லை.

வாங்கவே கூடாதான்னு கேட்டா, நான் அப்படிச் சொல்லலை. லித்தாப்ஸ் விதையிலிருந்து நல்லா வளரும். பூக்க மூணு வருஷம் போல ஆகும், அவ்வளவுதான். விக்கிறவர்கிட்ட “விதையில வளர்த்ததா, எங்க வளர்த்தது?”ன்னு கேளுங்க. தழும்பும் முரட்டு வேருமா, வயசான செடி மண்ணில்லாம பார்சல்ல வந்தா சந்தேகப்படுங்க. பதில் மழுப்பலா இருந்தா விட்டுடுங்க. அதுக்குப் பதிலா ஒரு பொட்டலம் விதை வாங்கிப் போடுங்க. மூணு வருஷம் கழிச்சுப் பூக்கிறப்போ எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.