தீக்கு முதுகு காட்டி நின்ன அப்பா

போன வாரமே இந்த எபிசோடைப் பதிவு பண்ண உட்கார்ந்தேன், முடியல. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. அதனால இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும் பேசப்போறேன்.

அப்பா தீயணைப்புத் துறையில இருந்தவர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், நடுவுல சில வருஷம் வெளியூர், மறுபடியும் ராஜபாளையம். ஃபயர்மேனா சேர்ந்து லீடிங் ஃபயர்மேனா ஓய்வு பெற்றார். ஸ்கூல்ல பசங்க என்கிட்ட கேட்கிற முதல் கேள்வி, "உங்கப்பா எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கார்?" அதைக் கொண்டுபோய் அவர்கிட்ட கேட்டா, "மாட்டையும் சேர்த்தா, சேர்க்காமலா?"ன்னு திருப்பிக் கேட்பார்.

கிண்டல் இல்லை, நிஜமாவே கேட்பார். எங்க பக்கம் தோட்டத்துக் கிணறுகள் பலதுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மேயப்போன பசு உள்ளே விழுந்துடும். கயித்துல ஒருத்தர் இறங்கி, நீந்தி நீந்திக் களைச்சுப்போய் பயத்துல முட்ட வர்ற மாட்டோட வயித்துக்கு அடியில இன்னொரு கயிறு கொடுக்கணும். அப்புறம் பாம்பு. மலையடிவாரம் இல்லையா, மழை ஆரம்பிச்சா அந்த போன்தான் வரும். சினிமாவுல வர்ற மாதிரி ஜன்னலை உடைச்சுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்த கதை ஒண்ணுகூட அவர்கிட்ட இல்லை. எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பெரிய வேலைன்னா பஞ்சுதான். 1936-ல ராஜபாளையம் மில்ஸ் வந்ததுல இருந்து எங்க ஊர் நூற்பாலை ஊர். பஞ்சு பேல் தீப்பிடிச்சா மேல தண்ணி அடிச்சு அணைச்சுட்டோம்னு வந்துட முடியாது. அழுத்திக் கட்டின பொதிக்குள்ள கங்கு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பேலா வெளியே இழுத்து, பிரிச்சுப் போட்டு நனைக்கணும். ராத்திரி போனவர் மறுநாள் சாயங்காலம் வருவார், புருவத்துல பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வாசல்லயே ஒரு குடம் தண்ணி வச்சிருப்பாங்க.

தீபாவளிக்கு அவர் வீட்ல இருந்ததே இல்லை. அன்னைக்கு எந்த ஃபயர் ஸ்டேஷன்லயும் லீவு கிடையாது. எங்களுக்கு மறுநாள்தான் தீபாவளி. ஏப்ரல் 14-ம் அப்படித்தான். ஊருக்கெல்லாம் தமிழ்ப் புத்தாண்டு, அவருக்குத் தீத்தொண்டு நாள். 1944-ல அதே தேதியில பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு 66 தீயணைப்பு வீரர்கள் செத்துப்போனாங்க, அவங்களுக்கு அஞ்சலி. அது முடிஞ்சு அவர் வந்தப்புறம்தான் எங்களுக்குப் பாயசம்.

சின்ன வயசுல நான் கவனிச்ச ஒரு விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஃபயர் வண்டி நிக்கும். அப்பா அதுல இருந்தா நாங்களும் போவோம். அத்தனை பெரிய தேர் ஆடி அசைஞ்சு வருது, எல்லாரும் அண்ணாந்து கும்பிடுறாங்க. அப்பா மட்டும் தேருக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்துட்டு நிப்பார். "சாமி கும்பிடலையாப்பா?"ன்னா, "ஆண்டாள் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா"ம்பார்.

2004 அவரை ரொம்ப மாத்திடுச்சு. ஜனவரி 23, ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண மண்டபம். மாடியில கீத்துப் பந்தல், வீடியோ எடுக்கிற இடத்துல மின்கசிவு. மாப்பிள்ளையோட சேர்த்து அம்பது பேருக்கு மேல இறந்தாங்க. அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்துல பிடிச்ச தீ கூரைக்கு ஏறி, 94 குழந்தைங்க. அந்த ரெண்டு ஊருக்கும் அப்பா போகல. பேப்பர் மட்டும்தான் படிச்சார். படிச்சுட்டு எங்க வீட்டுப் பின்கட்டுல இருந்த கீத்துக் கொட்டகையை அன்னைக்கே பிரிச்சுப் போட்டார். மழையில விறகு நனைஞ்சுதுன்னு அம்மா ஒரு மாசம் திட்டினாங்க.

அடுத்த வருஷம் அக்கா கல்யாணம். கீத்துப் பந்தல் கூடாதுன்னுட்டார். பெரியப்பா, "பந்தல் இல்லாத கல்யாண வீடா?"ன்னு கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் வரவே இல்லை. முகூர்த்த நேரம். ஐயர் கூப்பிடுறார், அப்பாவைக் காணோம். தேடிப்போனா, மண்டபத்துப் பின்வாசல்ல பூட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். கூப்பிடாதவங்க சாப்பிட வந்துடுவாங்கன்னு பூட்டியிருக்காங்க. சாவி வச்சிருந்த வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிட்டார். சாவி வந்து, கதவைத் திறந்து, ஆணி துருப்பிடிச்சிருந்த ஒரு பெஞ்சையும் வழியில இருந்து நகர்த்திட்டு அவர் மேடைக்கு வர்றதுக்குள்ள கெட்டிமேளம் கொட்டிட்டாங்க. தாலி கட்டுற போட்டோவுல அப்பா இல்லை.

அக்கா அழுதா. நான்தான் கத்தினேன். "இது உங்க ஸ்டேஷன் இல்லப்பா, கல்யாண வீடு!" எல்லார் முன்னாடியும். அவர் ஒண்ணும் சொல்லல. பந்தியில போய் இலை போட ஆரம்பிச்சுட்டார். ரெண்டு மாசம் நான் அவர்கிட்ட சரியாப் பேசல.

2012 செப்டம்பர் 5. சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில பட்டாசு ஆலை வெடிச்சது. நான் சென்னையில டிவி பார்த்துட்டிருக்கேன், அப்பா அங்கே இருக்கார். கிட்டத்தட்ட 40 உயிர் போச்சு. அதுல பலர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவி பண்ண ஓடி வந்தவங்க, என்னன்னு பார்க்க வந்தவங்க. அடுத்த வெடிப்பு அவங்களை அடிச்சிடுச்சு. பட்டாசுத் தீயில வேற மாதிரிச் சிக்கல் உண்டு. அலுமினியப் பொடி மாதிரிச் சரக்கு எரியும்போது தண்ணி அடிச்சா இன்னும் மோசமாகும். கிட்டயும் போக முடியாது. அப்போ ஃபயர்மேனோட முதல் வேலை என்ன? கூட்டத்தைப் பின்னாடி தள்றதுதான்.

மறுநாள் ராத்திரி போன் பண்ணினார். "சாப்பிட்டியா தம்பி?"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "தள்ளிப்போங்கன்னு எவ்ளோ கத்தினாலும் சனம் தீயைத்தான் பார்க்குதுடா"ன்னார். அவ்வளவுதான். போனை அம்மாகிட்ட கொடுத்துட்டார். அப்போதான் எனக்கு ஆடிப்பூரம் ஞாபகம் வந்துச்சு. பின்வாசல் பூட்டும் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கல்யாணச் சண்டைக்கு மன்னிப்பு கேட்கணும்னு அன்னைக்கு நினைச்சேன். நேர்ல கேட்டுக்கலாம்னு விட்டேன். நேர்ல பார்க்கும்போதெல்லாம் வேற பேச்சு வந்துடும். கேட்கவே இல்லை.

ரிட்டயர்டு ஆனப்புறம் வந்த முதல் தீபாவளிக்கு அவருக்கு வீட்ல என்ன பண்றதுன்னே தெரியல. விடியக்காலையில ரெண்டு வாளி தண்ணி, ஒரு ஈரச்சாக்கு, ஒரு சட்டி மணல் எடுத்து வச்சுட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்டார். தெருப் பசங்க எல்லாம் எங்க வீட்டு வாசல்லதான் வெடிச்சாங்க. அவங்க அம்மாங்களே அனுப்பி வச்சிருக்காங்க.

போன மாசம் ஊருக்குப் போனேன். வருஷத் திதிக்கு முன்னாடி வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். எங்க வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்துச் சுவத்துல சாவி மாட்டுற ஆணி ஒண்ணு உண்டு. அதுக்கு மேல ரெண்டு பழைய ஓட்டை. மேல இருக்கிறது அக்காவும் நானும் சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ. அதுக்குக் கீழ, அக்கா பையன் நடக்க ஆரம்பிச்சப்போ. இப்போ சாவி தொங்குற ஆணி என் இடுப்புக்கும் கீழ இருக்கு, என் பொண்ணுக்குக் கை எட்டுற உயரம். பெயின்டர் பட்டி வச்சு ஓட்டைகளை அடைக்கப் போனார். அம்மா அடுப்படியில இருந்தே சொன்னாங்க, "அதை மட்டும் அப்படியே விட்டுருங்க தம்பி."